ஏழு என்றால் ஏழாகவே வர வேண்டும்!
கேட் டெம்ப்ளேட்டில் அளவுகள் மோதிக்கொண்டால் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் முதலில் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம். அதற்கு அடுத்து, "இதில் நம் தொழிலுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?" என்ற கேள்வி வரும். எனக்கும் வந்தது. அந்தக் கேள்வியால் நான் கற்றுக்கொண்டதையும், அதற்குக் கொடுத்த விலையையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

எனக்கு ஊர் ராசிங்காபுரம். போடிநாயக்கனூருக்குத் தெற்கே, தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு மேலே ஏலத்தோட்டம். அங்கே பறித்து உலர்த்திய காய் போடிக்கு வருகிறது. இங்கே தரம் பிரித்து ஏலத்துக்குப் போகிறது. என் மாமா சின்ன அளவில் காய் சலித்துக் கொடுக்கும் ஒரு கொட்டகை வைத்திருக்கிறார். மோட்டார் வைத்து ஆட்டும் சல்லடை ஒன்று, கையால் பொறுக்கும் பெண்கள் ஆறு பேர். அவ்வளவுதான். நான் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

மாமாவின் சல்லடைத் தட்டுகள் தேய்ந்துபோயின. "மாப்ள, நீதான் கம்ப்யூட்டர் வாங்கிட்டயே, அதுல வரைஞ்சு கொடு. மதுரையில லேசர்ல வெட்டித் தர்றாங்களாம்" என்றார். மூன்று தட்டு வேண்டும். துளை 8 மிமீ, 7 மிமீ, 6 மிமீ. தட்டு ஒரே அளவு: 600 மிமீ நீளம், 300 மிமீ அகலம். துளை மட்டும்தான் மாறும்.

ஒன்றை வரைந்து மற்ற இரண்டையும் கம்ப்யூட்டரையே போட வைக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது சரி. செய்த விதம்தான் தப்பு.

துளை அளவு ஏன் முக்கியம்?

ஏலக்காயின் விலை நிறத்தையும் பருமனையும் பொறுத்தது. பருமனைச் சல்லடைத் துளைதான் சொல்கிறது. அக்மார்க் தர அட்டவணையில் 'ஆலப்பி பச்சை ஏலம்' என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 7 மிமீ துளையில் விழாமல் மேலே நிற்க வேண்டும். போல்டு என்றால் 6 மிமீ. சுப்பீரியர் என்றால் 5 மிமீ. அதோடு லிட்டர் எடையும் உண்டு: முறையே 435, 415, 385 கிராமுக்குக் குறையக் கூடாது. போடி வியாபாரத்தில் இன்னும் பெரிய காயை "எட்டு எம்எம்" என்றே சொல்லி வாங்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தவறினால் காய் ஒரு தரம் கீழே இறங்கிவிடும். இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

பாராமெட்ரிக் கேட் என்றால் என்ன?

கேட் என்பது கம்ப்யூட்டரில் பொறியியல் படம் வரையும் சாப்ட்வேர்களுக்குப் பொதுப் பெயர். சாதாரணமாகப் பெயிண்ட் புரோகிராமில் ஒரு வட்டம் போட்டால் அது வெறும் படம். பாராமெட்ரிக் கேட் சாப்ட்வேரில் வட்டம் போட்டால், அதன் விட்டம் ஓர் எண்ணாகத் தனியே இருக்கும். எண்ணை மாற்றினால் வட்டம் தானே மாறும். இந்த எண்ணைத்தான் பாராமீட்டர் என்கிறோம். "இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக இருக்க வேண்டும்", "இந்த வட்டம் ஓரத்திலிருந்து 15 மிமீ தள்ளி இருக்க வேண்டும்" என்பது போன்ற கட்டளைகளுக்குக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது கட்டுப்பாடு என்று பெயர்.

இது புதிய எண்ணம் அல்ல. 1963ல் அமெரிக்காவின் எம்ஐடியில் இவான் சதர்லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமை உருவாக்கினார். டிஎக்ஸ்-2 என்ற பெரிய கம்ப்யூட்டரின் திரையில் ஒளிப் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்குக் கட்டுப்பாடும் விதித்துக் காட்டினார். சாமுவேல் கெய்ஸ்பெர்க் 1985ல் தொடங்கிய பிடிசி நிறுவனம், பின்னர் 'ப்ரோ இன்ஜினியர்' மூலம் இந்த முறையைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டு சேர்த்தது. 1995ல் விண்டோஸில் இயங்கும் சாலிட்ஒர்க்ஸ் வந்தது. இன்று 'ப்ரீகேட்' என்ற சாப்ட்வேர் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். இதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளியானது. நான் பயன்படுத்துவது இதைத்தான்.

டெம்ப்ளேட்டும் குடும்பமும்

ஒரே மாதிரிப் பைலை வைத்துக்கொண்டு, எண்களை மட்டும் மாற்றிப் பல அளவுகளில் பொருள் எடுப்பதைப் பார்ட் பேமிலி என்பார்கள். ஒரு குடும்பத்தில் அண்ணன், தம்பி, தங்கை எல்லாம் ஒரே ஜாடையில் இருப்பார்கள்; உயரம் மட்டும் வேறு. அது போலத்தான். மாதிரிப் பைல்தான் டெம்ப்ளேட்.

சாலிட்ஒர்க்ஸில் இதற்கு டிசைன் டேபிள் என்று பெயர். ப்ரோ இன்ஜினியரில் பேமிலி டேபிள். ஆட்டோடெஸ்க் இன்வென்டரில் ஐபார்ட். ப்ரீகேடில் ஸ்பிரெட்ஷீட்டும் அதிலுள்ள கான்பிகரேஷன் டேபிளும். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். சிக்கலும் ஒன்றுதான்.

நான் செய்த தப்பு

முதலில் 8 மிமீ தட்டை வரைந்தேன். தட்டின் நீளம் 600. ஒரு வரிசையில் முதல் துளை ஒன்று, கடைசித் துளை ஒன்று போட்டேன். இடையிலுள்ளவற்றை வரிசையாக நிரப்பும் கட்டளையிடம் விட்டேன். இடது ஓரத்திலிருந்து முதல் துளையின் விளிம்பு வரை 15.5 மிமீ. கடைசித் துளையின் விளிம்பிலிருந்து வலது ஓரம் வரை 15.5 மிமீ. துளைக்குத் துளை மையத்திலிருந்து மையம் 11 மிமீ. வரிசைக்கு 52 துளை; எனவே முதல் மையத்திலிருந்து கடைசி மையம் வரை 51 இடைவெளி, 561 மிமீ. கூட்டிப் பாருங்கள்: 15.5 + 4 + 561 + 4 + 15.5 = 600. கணக்கு கச்சிதம்.

பிறகு ஸ்பிரெட்ஷீட்டில் 'துளை' என்று ஒரு பெயர் வைத்து அதில் 8 போட்டு, வட்டத்தின் விட்டத்தை அதோடு இணைத்தேன். இனி 8ஐ 7 ஆக்கினால் போதும் என்று நினைத்தேன்.

7 ஆக்கினேன். இடது பக்கத்திலுள்ள மரப் பட்டியலில் சிவப்புக் குறி வந்தது. ஸ்கெட்சைத் திறந்தால், கட்டுப்பாடுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்ற செய்தி. ஏன்? இப்போது கூட்டிப் பாருங்கள்: 15.5 + 3.5 + 561 + 3.5 + 15.5 = 599. தட்டோ 600. ஒரே ஒரு மில்லிமீட்டர் உதைக்கிறது!

அப்போது நான் இப்படிக் கூட்டிப் பார்க்கவில்லை. செய்தியில் இருந்த எண்ணைக் கிளிக் செய்தேன். மோதுகிற கட்டுப்பாடுகளை அது தேர்ந்தெடுத்துக் காட்டியது. அதில் ஒன்றை நீக்கினால் சிவப்பு போய்விடும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. ஒன்றை நீக்கினேன். சிவப்பு போய்விட்டது. சந்தோஷமாக '7' என்று பெயர் வைத்து சேவ் செய்தேன். அதே போல '6' ஒன்றும் செய்தேன். மூன்று பைல்களையும் டிஎக்ஸ்எப் வடிவில் மாற்றி வெட்டக் கொடுத்து அனுப்பினேன்.

நான் நீக்கிய அந்தக் கட்டுப்பாடு எது தெரியுமா? வட்டத்தின் விட்டம்!

விட்டத்துக்குக் கட்டுப்பாடே இல்லை என்றால், வட்டம் பழைய 8லேயே நிற்கும். ஸ்பிரெட்ஷீட்டில் 7 என்று இருக்கும். பைலின் பெயரிலும் 7 என்று இருக்கும். படத்தில் மட்டும் 8. கம்ப்யூட்டருக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. லேசர் மெஷினும் படத்தில் உள்ளதைத்தான் வெட்டும்.

கொட்டகையில் நடந்தது

தட்டுகள் பளபளவென்று வந்தன. மூன்றையும் மாட்டி மோட்டாரைப் போட்டோம். முதல் மூட்டை போனது. மேல் தட்டில் எட்டு எம்எம் காய் அழகாக நின்றது. நடுத்தட்டில் ஒன்றும் நிற்கவில்லை. கடைசித் தட்டிலும் நிற்கவில்லை. மீதிக் காய் எல்லாம் சின்னக் காயோடு சேர்ந்து அடிப்பெட்டியில் கிடந்தது.

"என்ன மாப்ள, ஏழுல ஒண்ணுமே நிக்கலையே. இந்தத் தோட்டத்துக் காயே இப்படித்தானா?" என்று மாமா கேட்டார். எனக்கும் காய் மேல்தான் சந்தேகம். கம்ப்யூட்டர் மேல் வரவே இல்லை.

பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் எழுந்து வந்தார். முப்பது வருடமாகக் காய் பொறுக்குகிறவர். அடிப்பெட்டியிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இதுல ஏழு நிறைய இருக்கு தம்பி" என்றார். பிறகு எட்டுத் தட்டையும் ஏழுத் தட்டையும் கழற்றச் சொல்லி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். துளைக்குத் துளை நேராக வெளிச்சம் தெரிந்தது. ஒரு துளைகூட மறையவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ஏலம். ஏழையும் ஆறையும் கலந்தபடி அனுப்பினால் முழு மூட்டையும் கீழ்த் தர விலைக்குத்தான் போகும். காய் மாமாவுடையதும் அல்ல, நம்பிக் கொடுத்தவருடையது. அன்று இரவு பத்து மணி வரை ஆறு பேரும் கையாலேயே பிரித்தார்கள். கூடுதல் கூலியை நான் கொடுத்தேன். இரண்டு தட்டுகளின் விலையும் என் கணக்கில்தான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

மோதல் ஏன் வருகிறது? பணியாரக் கல் கணக்கு

வீட்டிலுள்ள பணியாரக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லின் அகலம், குழியின் அகலம், குழிகளுக்கு நடுவே உள்ள இடம், ஓரம், குழிகளின் எண்ணிக்கை என ஐந்து அளவுகள். கொல்லரிடம் போய் ஐந்தையும் நீங்களே சொன்னால் என்ன ஆகும்? "நாலைச் சொல்லுங்கள், அஞ்சாவது தானாக வரும், அஞ்சையும் நீங்களே சொன்னால் இடிக்கும்" என்பார். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு தடவை பொருந்தும். குழியைச் சற்றுச் சின்னதாக்கச் சொன்னால் உடனே இடிக்கும்.

என் 8 மிமீ தட்டில் நடந்தது அந்த அதிர்ஷ்டம்தான். ஐந்து எண்ணையும் நானே கையால் போட்டிருந்தேன். அவை தற்செயலாகப் பொருந்தின. எந்த டெம்ப்ளேட்டும் தான் பிறந்த அளவில் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த அளவு கேட்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

சரி செய்தது எப்படி?

முதலில் ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதினேன். "நான் சொல்ல வேண்டியவை", "கம்ப்யூட்டர் கணக்கிட வேண்டியவை". நான் சொல்ல வேண்டியவை நான்கு: தட்டின் நீளம் 600, துளை, இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள உலோகம் 3 மிமீ, ஓரம் குறைந்தபட்சம் 15 மிமீ. நடுவே உள்ள உலோகத்துக்குப் 'பாலம்' என்று பெயர் வைத்தேன். மற்ற எல்லாம் கணக்கு.

இடைவெளி = துளை + பாலம்

எண்ணிக்கை = ப்ளோர்((நீளம் - 2 * குறைந்த_ஓரம் - துளை) / இடைவெளி) + 1

ஓரம் = (நீளம் - துளை - (எண்ணிக்கை - 1) * இடைவெளி) / 2

ப்ளோர் என்பது பின்னத்தை வெட்டி முழு எண் தரும் பார்முலா. 51.09 துளை போட முடியாதல்லவா? அதற்காக.

இப்போது பாருங்கள். 8 மிமீ என்றால் இடைவெளி 11, வரிசைக்கு 52 துளை, ஓரம் 15.5. 7 மிமீ என்றால் இடைவெளி 10, வரிசைக்கு 57 துளை, ஓரம் 16.5. 6 மிமீ என்றால் இடைவெளி 9, வரிசைக்கு 63 துளை, ஓரம் 18. மூன்றிலும் கூட்டினால் 600 வரும். அகலம் 300க்கும் இதே கணக்குத்தான்: முறையே 24, 27, 30 வரிசைகள். ஆக மொத்தத் துளைகள் 1,248, 1,539, 1,890. என் பழைய முறையில் 7க்கும் 6க்கும் அதே 1,248தான் வந்திருந்தது. துளைகளை எண்ணிப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும்!

ப்ரீகேடில் செய்திட வேண்டியவை

1. புதிய பைலில் ஸ்பிரெட்ஷீட் ஒன்றை உருவாக்குங்கள். முதல் காலத்தில் விளக்கம், இரண்டாவது காலத்தில் மதிப்பு என்று எழுதுங்கள்.

2. மதிப்பு உள்ள செல்லில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, ஏலியாஸ் என்ற பிரிவில் பெயர் கொடுங்கள். பெயர் ஏற்கப்பட்டால் செல் மஞ்சள் நிறமாகும். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள்.

3. மேலே சொன்ன மூன்று பார்முலாக்களையும் தனித்தனி செல்களில் எழுதுங்கள். எக்ஸெல் போலவே சமக்குறி போட்டுத் தொடங்க வேண்டும்.

4. ஸ்கெட்சில் ஓர் அளவைக் கொடுக்கும்போது, எண் டைப் செய்யும் கட்டத்தில் எப்எக்ஸ் என்று நீல நிறத்தில் ஒரு சிறிய ஐகான் தெரியும். அதைக் கிளிக் செய்து ஸ்பிரெட்ஷீட்டின் பெயர், ஒரு புள்ளி, ஏலியாஸ் பெயர் என்று கொடுங்கள். இணைப்பு சரியாக இருந்தால் அந்த அளவு ஆரஞ்சு நிறத்தில் தெரியும்.

5. வலது ஓரத்தைக் கட்டளையாகக் கொடுக்காதீர்கள். அதை ரெபரன்ஸ் அளவாக மாற்றுங்கள். ரெபரன்ஸ் அளவு நீல நிறத்தில் தெரியும். அது படத்தை இழுக்காது, படம் என்ன அளவில் இருக்கிறது என்று மட்டும் காட்டும். அது இடது ஓரத்தோடு ஒத்துப்போனால் கணக்கு சரி.

6. துளைகளை வரிசையாக நிரப்பும் லீனியர் பேட்டர்ன் கட்டளையில் ஒரு கவனம். அங்கே மொத்த நீளம் கேட்கும் முறையில் இருந்தால், முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை உள்ள தூரத்தைக் கொடுக்க வேண்டும். அதாவது (எண்ணிக்கை - 1) * இடைவெளி. தட்டின் நீளத்தைக் கொடுத்தால் துளைகள் விலகிப் போகும்.

7. மூன்று அளவுகளையும் ஒரே பைலில் வைத்து, பட்டியலில் தேர்ந்தெடுக்கும்படி செய்ய விரும்பினால், ஸ்பிரெட்ஷீட் செல்லில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும் கான்பிகரேஷன் டேபிள் வசதியைப் பயன்படுத்தலாம். முதல் ஆறும் கை வந்த பிறகு இதற்குப் போனால் போதும்.

சிவப்பு வந்தால் பதற வேண்டாம்

முரண்பாடு என்ற செய்தி வந்ததும் டெலீட் கீயை அழுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அதற்குப் பதிலாக இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், கடைசியாக நீங்கள் மாற்றிய எண்ணைப் பழைய எண்ணுக்கே திருப்புங்கள். சிவப்பு மறைந்தால் படம் உடையவில்லை, எண்கள்தான் இடிக்கின்றன.

அடுத்து, செய்தியிலுள்ள எண்களைக் கிளிக் செய்து, மோதுகிற அளவுகளைத் தாளில் எழுதுங்கள். அவற்றைக் கையால் கூட்டிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் உதைக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிறகு, அந்த அளவுகளில் எது "நான் சொல்ல வேண்டியது", எது "தானாக வர வேண்டியது" என்று பாருங்கள். தானாக வர வேண்டியதைத்தான் தளர்த்த வேண்டும். அதையும் நீக்காமல் ரெபரன்ஸ் ஆக்குங்கள். உங்கள் வேலைக்கு உயிரான அளவைத் தொடவே கூடாது. எனக்கு அது துளை. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

கடைசியாக, செய்தி மறைந்ததும் நிறத்தைப் பாருங்கள். எல்லாம் கட்டுப்பட்டிருந்தால் ஸ்கெட்ச் கோடுகள் பச்சையாகும். பச்சை வரவில்லை என்றால் ஏதோ ஒன்று அவிழ்ந்து கிடக்கிறது என்று பொருள். நான் அன்று சிவப்பு போனதை மட்டும் பார்த்தேன். பச்சை வரவில்லை என்பதைப் பார்க்கவில்லை.

வேறு சில மோதல்கள்

பெயர் மோதல்: ஏலியாஸாக செல்லின் முகவரியையே வைக்க முடியாது. எம்எம் போன்ற அலகின் பெயரும், பை போன்ற மாறிலியின் பெயரும் கூடாது. ப்ரீகேட் ஏற்காது. பெயரைச் சற்று நீளமாக வைத்தால் இந்தத் தொல்லை வராது.

அலகு மோதல்: ஒரு செல்லில் 8 எம்எம் என்றும், இன்னொன்றில் வெறும் 3 என்றும் போட்டுவிட்டு இரண்டையும் கூட்டச் சொன்னால், அலகு பொருந்தவில்லை என்று பிழை வரும். எல்லா நீளத்துக்கும் அலகு போடுங்கள். எண்ணிக்கைக்கு மட்டும் போடாதீர்கள்.

சுற்று மோதல்: ஓரத்தை வைத்து எண்ணிக்கையும், எண்ணிக்கையை வைத்து ஓரமும் கணக்கிடச் சொன்னால் கம்ப்யூட்டர் எங்கே தொடங்கும்? அதனால்தான் குறைந்த_ஓரம், ஓரம் என்று இரண்டு பெயர்கள் வைத்தேன். முதலாவது நான் சொல்வது. இரண்டாவது கணக்கில் வருவது.

தர அட்டவணை மோதல்: சல்லடைச் சட்டத்தை இறுக்க எம்10 போல்டு வாங்கினேன். தலை உட்கார ஆறு பக்கக் குழி வரைய வேண்டும். டிஐஎன் 933 அட்டவணையில் எம்10 போல்டின் தலை அகலம் 17 மிமீ. ஐஎஸ்ஓ 4017ல் அதே எம்10க்கு 16 மிமீ. எம்12க்கும் இதே கதை: 19, 18. எம்6க்கும் எம்8க்கும் இரண்டிலும் ஒன்றுதான்: 10, 13. ஒரு டெம்ப்ளேட்டில் பாதி எண்களை ஓர் அட்டவணையிலிருந்தும் மீதியை மற்றதிலிருந்தும் எடுத்தால், கம்ப்யூட்டர் ஒரு பிழையும் சொல்லாது. போல்டுதான் குழியில் சரியாக உட்காராது. எந்த அட்டவணை என்பதை ஸ்பிரெட்ஷீட்டின் முதல் வரியிலேயே எழுதி வையுங்கள். கடையில் வாங்கும் போல்டில் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்துவிடுவது அதைவிட நல்லது.

வெட்டக் கொடுக்கும் முன்

பைலை அனுப்பும் முன் இப்போது மூன்று காரியங்கள் செய்கிறேன். ஒன்று, டிஎக்ஸ்எப் பைலையே மறுபடி திறந்து, மெஷர் கருவியால் ஏதாவது ஒரு துளையை அளக்கிறேன். பைல் பெயரை நம்புவதில்லை. இரண்டு, துளைகளின் மொத்த எண்ணிக்கையைக் கணக்கோடு ஒப்பிடுகிறேன். மூன்று, குடும்பத்திலுள்ள மிகப் பெரிய அளவையும் மிகச் சிறிய அளவையும் போட்டுப் பார்க்கிறேன். இரண்டு கோடியும் உடையாமல் வந்தால் பெரும்பாலும் நடுவிலுள்ளதும் வந்துவிடும். ஆனாலும் வெட்டும் ஒவ்வொன்றையும் அளக்காமல் அனுப்புவதில்லை.

முடிந்தால் நான்காவதாக ஒன்று: முதலில் ஒரு தட்டு மட்டும் வெட்டி வாங்குங்கள். அல்லது படத்தை நூறு சதவீத அளவில் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பேப்பரின் விலை மிகக் குறைவு.

இவ்வளவுக்கும் விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. 8 ஜிபி ராம் உள்ள சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் நான் செய்கிறேன். துளைகள் ஆயிரத்தைத் தாண்டும்போது சற்றுத் திணறும். அதனால் முதலில் ஒரு வரிசையை மட்டும் வைத்து எண்களைச் சரிபார்த்துவிட்டு, மற்ற வரிசைகளைக் கடைசியில் சேர்க்கிறேன்.

புதுத் தட்டுகள் வந்த அன்று மோட்டாரைப் போடவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு நேராக அந்தப் பெரியம்மாவிடம் போனேன். ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சில துளைகள் திறந்தும் சில மூடியும், கோலம் போட்டது போலத் தெரிந்தது. "இப்ப இது ஏழு" என்றார். அதற்குப் பிறகுதான் மாட்டினோம்.

அந்தச் சோதனையையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் இரண்டு அளவுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறந்து வைத்துப் பார்ப்பேன். ஒரே மாதிரி தெரிந்தால் எங்கோ தப்பு. நீங்களும் செய்து பாருங்கள்.